தோற்றால் எனக்கே கோபம் வருகிறது, அக்கா

வாசகர் கடிதம்:

அக்கா, நாங்கள் பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், நான் பள்ளிக் கேண்டீனில் வேலை செய்கிறேன். மூத்தவளுக்கு 16 வயது, படிவம் 4. பத்து வயதில் தோட்டத்துப் பழைய கிளப்புச் சுவரில் டென்னிஸ் பந்தடித்துப் பழகியவள், இப்போது மாநில அளவில் பேர் சொல்லும்படி ஆடுகிறாள். இந்த வருடம் தாய்லாந்தில் இரண்டு தொழில்முறைப் போட்டிக்குக் கூட்டிப் போனோம். ஒன்றில் தகுதிச் சுற்றோடு முடிந்தது. இன்னொன்றில் முதல் ஆட்டத்திலேயே 6–2, 6–1 என்று தோற்றாள். பள்ளியை நிறுத்திவிட்டு இரண்டு வருடம் முழுசாகக் கொடுங்கள், 18-க்குள் வராதவள் அப்புறம் வரவே மாட்டாள் என்கிறார் கோச். சேமநிதியை எடுக்கலாம், போதாவிட்டால் வீட்டை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார் இவர். பொம்பளைப் பிள்ளையைப் பள்ளிக் கடைசிப் பரீட்சை எஸ்பிஎம் கூட எழுத விடாமல் பந்தடிக்க அனுப்புகிறீர்களா என்று மாமியார் வீட்டில் சண்டை. இன்னொன்று, இதை யாரிடமும் சொன்னதில்லை. அவள் தோற்றால் எனக்குக் கோபம் வருகிறது. அன்று ஹோட்டலில் இரவு முழுக்க அவளிடம் நான் பேசவில்லை. நான் கெட்டவளா அக்கா? என்ன செய்யட்டும்?

பதில்:

வணக்கம் தங்கச்சி.

பள்ளி, பணம், கோச், இதற்கெல்லாம் கணக்குப் போட்டுப் பதில் சொல்லிவிடலாம், சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த ஹோட்டல் இரவு இருக்கிறதே, அதைத் தாண்டாமல் மற்றதைப் பேசிப் பிரயோஜனமில்லை, அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் கெட்டவர் இல்லை. இருபத்தைந்து வருடமாகப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் சொல்லித் தருகிறேன். கோர்ட்டு வேலிக்கு வெளியே நிற்கும் அப்பா அம்மாக்களைப் பார்த்தே பாதி வயது போய்விட்டது. வேலிக் கம்பியை அவர்கள் பிடித்திருக்கும் பிடியைப் பார்த்தாலே தெரிந்துவிடும், இவர் ஆட்டத்தைப் பார்க்கிறாரா, டாக்சி மீட்டரைப் பார்க்கிறாரா என்று. பந்து ஒன்று வலையில் விழுந்தால் டிக்கெட் காசு போச்சு, இன்னொன்று வெளியே போனால் ரூம் காசு போச்சு. உங்கள் கோபம் பிள்ளை மேல் வந்தது என்று நினைத்துக்கொண்டு நீங்கள் குமைகிறீர்கள். எனக்கென்னவோ, இன்னும் எவ்வளவு போகும் என்று யாரும் சொல்லாமலே வீட்டிலிருந்து போய்க்கொண்டிருக்கிற காசின் மேல் வந்த கோபம் அது என்றுதான் படுகிறது. அவள் பக்கத்துக் கட்டிலில் இருந்தாள், அதனால் அவள் மேல் விழுந்தது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தக் கட்டிலில் நானும் படுத்திருக்கிறேன்.

நானும் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தாத்தா துரைமார் கிளப்பில் தோட்டக்காரராக இருந்தார். டென்னிஸ் கோர்ட்டில் புல் வெட்டுவார், ரோலர் இழுப்பார், சுண்ணாம்பில் கோடு போடுவார், ஆட்டம் நடந்தால் பந்து பொறுக்கிக் கொடுப்பார். ராக்கெட்டைக் கையால் தொட்டதில்லை. அப்பா படித்து அதே தோட்டத்து ஆபீசில் கிராணியானார், அதனால் எனக்கு அந்தக் கோர்ட்டில் சாயங்காலம் ஐந்து மணிக்கு முன்னால் ஆட அனுமதி கிடைத்தது. (உங்கள் மகள் கிளப்புச் சுவரில் பழகினாள் என்று படித்ததும் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். இப்போது அந்த மாதிரிக் கட்டடங்களில் பாதி இடிந்து கிடக்கிறது, மீதியில் விற்பதற்குப் பறவைக் கூடு வளர்க்கிறார்கள்.) தொண்ணூறுகளின் நடுவில் மூன்று வருடம் வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போனேன். அப்போது பத்தாயிரம் டாலர் போட்டிதான் கீழ்ப்படி. அந்த மூன்று வருடத்தில் நான் எடுத்த புள்ளிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம், அதனால் பெரிய ஆட்டக்காரி சொல்கிறாள் என்று இதைப் படிக்காதீர்கள்.

இரண்டாவது வருடம், பேங்காக். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி ராக்கெட் பையின் பக்கவாட்டு ஜிப்பில் சில்லறை தேடினேன். மடித்து வைத்த ரோஸ் கலர் சீட்டு ஒன்று கையில் வந்தது. பஜாக் கடையின் அடகுச் சீட்டு, அம்மாவின் ஆறு பவுன் சங்கிலி. பாஸ்போர்ட் நகலை வைக்கும்போது அப்பா தவறுதலாக அதையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும். மறுநாள் மூன்றாவது செட்டில் 5–4, என் சர்வீஸ், ஜெயிக்க ஒரே கேம். முதல் சர்வீஸ் வெளியே போனது. இரண்டாவதற்குப் பந்தைத் தரையில் தட்டுகிறேன், ஒன்று, இரண்டு, மூன்று, கண்ணுக்குப் பந்தே தெரியவில்லை. அந்தச் சீட்டில் நீல மையில் எழுதியிருந்த தேதிதான் தெரிந்தது. ஆறு மாதத்துக்குள் மீட்காவிட்டால் நகை போய்விடும். டபுள் ஃபால்ட். அதே கேமில் இன்னும் இரண்டு. ஆட்டமும் போனது.

அப்பா அன்று ஃபோனில் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. நீங்கள் பேசாமல் கிடந்த இரவில் உங்கள் பிள்ளையும் தூங்கியிருக்க மாட்டாள் தங்கச்சி, போர்வைக்குள் படுத்து மனசுக்குள் பில் கூட்டிக்கொண்டிருந்திருப்பாள்.

சரி, அந்தப் பில்லை நாமே வெளிச்சத்தில் வைத்துக் கூட்டிவிடுவோம்.

நீங்கள் போய்வந்தது டபிள்யூ15 என்கிற கீழ்ப்படிப் போட்டி என்று நினைக்கிறேன். அனைத்துலக டென்னிஸ் சம்மேளனம், அதாவது ஐடிஎஃப், நடத்தும் பெண்கள் போட்டிகளில் 15, 35, 50, 75, 100 என்று படிகள் உண்டு, எண் என்பது ஒற்றையர் பட்டம் வாங்குகிறவளுக்குக் கிடைக்கும் தரவரிசைப் புள்ளி. டபிள்யூ15-ல் பரிசுத் தொகை மொத்தம் 15,000 டாலர் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒற்றையரில் ஐந்து ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துக் கோப்பையைத் தூக்குகிற பெண்ணுக்கே ஏறக்குறைய 2,300 டாலர்தான், நம் காசுக்குப் பத்தாயிரம் வெள்ளி கூட முழுசாக வராது. முதல் சுற்றில் தோற்றால் ஏறக்குறைய 150 டாலர், அறுநூறு வெள்ளி போல, அதிலும் அந்த நாட்டு வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். தகுதிச் சுற்றில் தோற்றால் ஒன்றுமில்லை. செலவை என் கைக்கணக்கில் சொல்கிறேன். தாயும் மகளும் மட்டும் போய்வர வாரத்துக்கு மூவாயிரம் வெள்ளிக்குக் குறையாது, கோச்சும் கூட வந்தால் அவர் டிக்கெட், அறை, நாள் சம்பளம் எல்லாம் சேர்ந்து ஐயாயிரம், ஆறாயிரம். இதில் ராக்கெட் நரம்பை எல்லோரும் மறந்துவிடுவார்கள். வேகமாக அடிக்கிற பிள்ளை வாரத்தில் மூன்று நான்கு தடவை நரம்பு அறுப்பாள், ஒவ்வொரு தடவையும் கட்டக் காசு.

ஆக, இந்தப் படியில் ஒன்றிரண்டு ஆட்டம் ஜெயிக்கிறவளும் நஷ்டத்தில்தான் வீட்டுக்கு வருகிறாள். இதை நன்றாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் உங்கள் மகள் 6–2, 6–1 தோற்றதால் காசு போகவில்லை. 6–2, 6–1 என்று ஜெயித்திருந்தாலும் போயிருக்கும். முதல் சுற்று ஜெயித்தால் கிடைப்பது ஒரே ஒரு தரவரிசைப் புள்ளி. பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏ-வின் தரவரிசையில் பெயர் வர வேண்டுமானால் மூன்று போட்டிகளில் புள்ளி எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்தத்தில் பத்துப் புள்ளியாவது சேர்ந்திருக்க வேண்டும். இங்கே நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த ஒன்றிரண்டு புள்ளியைத்தான்.

இனி உங்கள் கோச் சொன்னது. அவரைத் திட்ட நான் வரவில்லை, பத்து வயதிலிருந்து பிள்ளையை வளர்த்தவர் அவராகத்தான் இருக்கும், நாலு வார்த்தை வேகமாகப் பேசுவது எங்கள் தொழிலின் வியாதி. ஆனால் பள்ளியை நிறுத்திவிட்டு முழுநேரமாக ஆட வை என்கிறாரே, முழுநேரமாக ஆட விதியே விடாது! 18 வயது ஆகாத பெண்கள் வருடத்துக்கு இத்தனை தொழில்முறைப் போட்டிதான் ஆடலாம் என்று டபிள்யூடிஏ வரம்பு வைத்திருக்கிறது. அடிப்படை எண்ணிக்கை 15 வயதில் 10, 16 வயதில் 12, 17 வயதில் 16, பிறந்தநாளிலிருந்து பிறந்தநாள் வரை கணக்கு. நன்றாக ஆடுகிற சிலருக்குச் சலுகையாகக் கொஞ்சம் கூட்டித் தருவார்கள். நீங்கள் போய்வந்த டபிள்யூ15-ம் இந்தக் கணக்கில்தான் சேரும். 52 வாரத்தில் 12 வாரம் ஆடுவதற்குப் பள்ளியை விடுவதா?

அந்த வரம்பு சும்மா வந்ததில்லை. அமெரிக்காவின் ஜெனிஃபர் கேப்ரியாட்டி 1990-ல், 14 வயது நிறைய இன்னும் சில நாள் இருக்கும்போதே, தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தார். 16 வயதில் பார்சலோனாவில் ஒலிம்பிக் தங்கம். 17 வயதில் ஆடவே பிடிக்காமல் ஒதுங்கிப் போனார். அதைப் பார்த்துப் பயந்த பிறகுதான் தொண்ணூறுகளின் நடுவில் வயது வரம்பை இறுக்கினார்கள். கேப்ரியாட்டி திரும்பி வந்து 2001-ல் உலகின் முதல் இடத்தைப் பிடித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அப்போது அவருக்கு 25 வயது.

18-க்குள் வராதவள் வரவே மாட்டாளா? இந்தக் கேள்விக்கு வெளியூரெல்லாம் போக வேண்டாம், நம் கோலாலம்பூரில் நடந்த இரண்டு இறுதியாட்டமே போதும். 2010 முதல் 2017 வரை அங்கே டபிள்யூடிஏ போட்டி நடந்தது, உங்கள் மகள் அப்போது சின்னப் பிள்ளை. 2014-ல் கோப்பையை வாங்கியவர் குரோவேசியாவின் டோனா வேகிச், வயது 17. இறுதியில் அவர் தோற்கடித்தது அந்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓபன் இறுதிவரை போன சிபுல்கோவாவை. எல்லோரும் இனி இந்தப் பெண் நிற்க மாட்டாள் என்றார்கள். அடுத்த பட்டத்துக்கு மூன்று வருடம் ஆனது. விம்பிள்டன் அரையிறுதி 2024-ல்தான், பத்து வருடம் கழித்து, ஒலிம்பிக் வெள்ளியும் அதே வருடம். 2017-ல் அதே கோலாலம்பூரில் ஜெயித்தவர் ஆஸ்திரேலியாவின் ஆஷ்லி பார்ட்டி. 15 வயதில் ஜூனியர் விம்பிள்டன் ஜெயித்தவர், 18 வயதில் போதும் என்று டென்னிஸை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கிரிக்கெட் ஆடினார், பிரிஸ்பேன் அணிக்கு, நிஜமாகவே. திரும்பி வந்தபோது தரவரிசை எங்கேயோ கிடந்தது, கோலாலம்பூரில் தகுதிச் சுற்றிலிருந்து ஆடி வந்துதான் முதல் ஒற்றையர் பட்டத்தை வாங்கினார். இரண்டு வருடத்தில் பிரெஞ்சு ஓபன், உலக முதலிடம். அந்த ஒன்றரை வருடம் டென்னிஸை விட்டிருந்ததில் அவருக்கு எது கெட்டுப்போனது?

நம் பக்கத்து நாட்டுப் பிள்ளைகளையும் பாருங்கள். பிலிப்பைன்ஸின் அலெக்ஸாண்ட்ரா ஈலா சின்ன வயதிலேயே ஸ்பெயினில் நடாலின் அகாடமிக்குப் போனவர். உங்கள் கோச் அவரைத்தான் உதாரணம் காட்டுவார், காட்டட்டும். 15 வயதில் முதல் டபிள்யூ15 பட்டம், 17-ல் அமெரிக்க ஓபன் ஜூனியர் பட்டம், அவ்வளவு இருந்தும் 2025 மயாமியில் முன்னாள் உலக முதலிடக்காரி ஸ்வியான்டெக்கைத் தோற்கடித்து அரையிறுதிக்குப் போனபோது வயது 19, தரவரிசை 140. இது மிக வேகமாக வந்தவளின் கணக்கு. இந்தோனேசியாவின் ஜனிஸ் ஜென் வேறு வழியில் வந்தார். அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஆடிப் படித்து முடித்துவிட்டு, 2024-ல் கிட்டத்தட்ட அடியிலிருந்து சின்னப் போட்டிகளை ஆட ஆரம்பித்து, அடுத்த வருடமே அமெரிக்க ஓபனில் தகுதிச் சுற்றைத் தாண்டி முதல் சுற்றையும் ஜெயித்தார். அதே வருடம் நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் பட்டம் வாங்கினார், 23 வயதில். நம்மூரிலும் உண்டு. கெடாவில் பிறந்த சிவசங்கரி, ஸ்குவாஷ் ஆட்டக்காரர், அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 2022-ல் கார் விபத்தில் பலத்த காயம், அடுத்த வருடம் ஆசிய விளையாட்டில் ஒற்றையர் தங்கம்.

கல்லூரி வழியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். லயத்து வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு இது பெரிய வாசல், ஆனால் நம் ஆட்களில் நிறையப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் டென்னிஸ் ஆடும் பெண்களுக்கு உபகாரச் சம்பளம் தருகின்றன. நல்ல இடமாக அமைந்தால் கட்டணம், தங்கும் இடம், சாப்பாடு, கோச், போட்டிப் பயணம் எல்லாம் அவர்கள் செலவு. நாலு வருடம் இலவசமாக ஆடி, உடம்பு தேறி, கையில் பட்டத்தோடு 22 வயதில் தொழில்முறைக்கு வரலாம். ஆனால் அந்த வாசலுக்குச் சாவி பள்ளிப் படிப்பும் ஆங்கிலமும். எஸ்பிஎம் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே இல்லை. பள்ளி முடித்த பிறகு நீண்ட இடைவெளி விட்டாலும் கல்லூரிக்கு ஆடும் வருடங்கள் குறையும், போட்டிகளில் வாங்கும் பரிசுப் பணத்தைப் பற்றிய விதிகளும் மாறிக்கொண்டே வருகின்றன, அதனால் ஏஜண்ட் என்று யாராவது காகிதத்தை நீட்டினால் எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். மாமியார் வீட்டுச் சண்டையில் நான் மாமியார் பக்கம்தான். அவர் சொன்ன காரணத்துக்காக அல்ல, பொம்பளைப் பிள்ளை என்றெல்லாம் இல்லை, எஸ்பிஎம் டென்னிஸுக்கே தேவை.

அப்படியானால் இந்த ஒன்றரை வருடம் என்ன ஆடுவது? ஜூனியர் போட்டி. 18 வயது வரை அவள் ஐடிஎஃப் ஜூனியர் ஆடலாம், ஜே30, ஜே60 என்று படிகள் உண்டு. பரிசுப் பணம் கிடையாது, ஆனால் எதிரில் நிற்பது அவள் வயதுப் பிள்ளை. கோலாலம்பூரிலேயே நடப்பதுண்டு. ஜூனியர் தரவரிசையில் முதல் 100-க்குள் வந்தால் டபிள்யூ15 போட்டிகளில் முதன்மைச் சுற்றிலேயே இடம் ஒதுக்கி வைக்கிறார்கள், தகுதிச் சுற்றில் வெயிலில் வேக வேண்டியதில்லை. கல்லூரிக் கோச்சுகள் பார்ப்பதும் அந்தத் தரவரிசையைத்தான். தொழில்முறை அனுபவமும் வேண்டும் என்றால் வருடக் கடைசிப் பள்ளி விடுமுறையில், ஒரே ஊரில் அடுத்தடுத்து இரண்டு மூன்று டபிள்யூ15 நடக்கும் இடமாகப் பார்த்து ஒரே தடவை போய்வாருங்கள். ஹுவா ஹின்னில் அப்படி நடந்தால் பிளேனே வேண்டாம். சுங்கை சிப்புட்டிலிருந்து பாடாங் பெசார் வரை நம் ரயில், அங்கிருந்து பேங்காக் போகும் தாய்லாந்து ரயில் ஹுவா ஹின்னில் நிற்கும். தூங்கிக்கொண்டே போகலாம், ராக்கெட் பைக்குத் தனிக் காசு கேட்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் விஷயம். வீட்டை வைத்துக் கடன் வாங்க வேண்டாம். இதில் பேச்சே இல்லை.

சேமநிதிக்கு வருகிறேன். 2024 மே மாதத்திலிருந்து மாதாமாதம் அவர் கட்டுவது மூன்று கணக்காகப் பிரிகிறது. 75 விழுக்காடு ஓய்வுக்கால கணக்கு, 15 விழுக்காடு அக்காவுன் செஜாதெரா, 10 விழுக்காடு அக்காவுன் ஃபிளெக்சிபெல். மூன்றாவதிலிருந்து காரணம் சொல்லாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். செஜாதெராவில் வீடு, படிப்பு, மருத்துவம் மாதிரிக் காரணங்கள் வேண்டும், டென்னிஸ் போட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அதனால் நான் சொல்வது இது. ஃபிளெக்சிபெல்லில் எவ்வளவு இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். அதில் ஒரு பங்கு, நீங்கள் கட்டிவரும் கூட்டுச் சீட்டுப் பணம் ஏதாவது இருந்தால் அதில் கொஞ்சம், இரண்டையும் சேர்த்து ஒரு தொகை. எட்டாயிரமோ பன்னிரண்டாயிரமோ, உங்கள் வீட்டுக்குத் தெரிந்த தொகை. டிசம்பர் வரை இவ்வளவுதான். செஜாதெராவைத் தொடாமல் விடுங்கள், நாளைக்குக் கல்லூரியில் உபகாரச் சம்பளம் பாதிதான் கிடைத்தது என்றால் மீதிக்கு அது உதவும். மாநிலங்கள் மோதும் சுக்மா விளையாட்டுப் போட்டி அணிக்கு மகள் தேர்வானால் மாநில விளையாட்டு மன்றத்திடமும் பயிற்சிச் செலவைக் கேளுங்கள், கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள்.

அந்தத் தொகையை முடிவு செய்த அன்றே அது செலவாகிவிட்டது என்று எழுதிவிடுங்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க எவ்வளவு செலவு செய்கிறோம், மயில் தோகை, மேளம், அன்னதானம், வேன் வாடகை, முடிந்ததும் முருகனிடம் போய் எனக்கு என்ன திரும்பக் கிடைத்தது என்று யாராவது ரசீதை நீட்டுகிறோமா? அந்த மாதிரிக் காசு இது. தொகை தெரிந்துவிட்டால், அது ஏற்கனவே போய்விட்டது என்றும் தெரிந்துவிட்டால், வேலிக்கு வெளியே நிற்கும்போது உங்களுக்குப் பார்க்க ஆட்டம் மட்டும்தான் மிச்சம் இருக்கும். கோபம் அடியோடு போய்விடும் என்று சொல்ல மாட்டேன். முக்கால்வாசி போகும். மீதிக் கால்வாசி எல்லா அம்மாவுக்கும் உண்டு, எனக்கும் என் சிஷ்யைகள் மேல் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மகளிடம் தொகையை மறைக்கக் கூடாது. என் அப்பா செய்த தப்பு சங்கிலியை அடகு வைத்தது இல்லை, சொல்லாமல் வைத்தது. (சங்கிலியை மீட்டுவிட்டோம், கேட்பீர்கள் என்று தெரியும். அப்பா வட்டி கட்டிக் கட்டித் தவணையைத் தள்ளிக்கொண்டே வந்தார், நான் கோச்சிங் ஆரம்பித்த இரண்டாம் வருடம் நானே போய் எடுத்து வந்தேன். அம்மா அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்க்கக்கூட இல்லை, நேராக அடுப்படிக்குப் போய்விட்டார்.)

நீங்கள் கேட்காத சில விஷயங்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

கோச் ஆணாக இருந்தால், எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும், அவரோடு பிள்ளையைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டாம். ஒரே அறை கூடவே கூடாது, அறைக்குள் வைத்து மசாஜ் என்பதெல்லாம் கூடாது. நல்ல கோச்சாக இருந்தால் அவரே இதைச் சொல்வார். கோபப்பட்டால் அதிலேயே உங்களுக்குப் பதில் இருக்கிறது.

தோற்ற அன்று அவள் ஃபோனை நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சின்னப் போட்டிகளுக்கும் எங்கோ உட்கார்ந்து பந்தயம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், காசு போனால் ஆட்டக்காரியின் இன்ஸ்டாகிராமில் வந்து வாய்க்கு வந்ததைத் திட்டுவார்கள். 2024-ல் மட்டும் 458 ஆட்டக்காரர்களுக்கு வந்த ஏறக்குறைய 8,000 வசைப் பதிவுகளை டபிள்யூடிஏ-வும் ஐடிஎஃப்-ம் கண்டுபிடித்தன, அதில் ஐந்தில் இரண்டு பங்கு பந்தயத்தில் தோற்றவர்களின் வேலை. 16 வயதுப் பிள்ளை அதைப் படித்துவிட்டு உங்களிடம் சொல்லவும் மாட்டாள். யாராவது ஒரு செட்டை விட்டுக்கொடு, காசு தருகிறேன் என்று செய்தி அனுப்பினால், வேண்டாம் என்று சொன்னால் மட்டும் போதாது, டென்னிஸ் நேர்மை அமைப்புக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைத்தாலும் தண்டனை.

ஜாமு என்கிற மூலிகை மருந்து, லேகியம், பக்கத்து வீட்டு அத்தை கொடுத்த சத்துப்பொடி, ஒன்றும் வேண்டாம். ஊக்கமருந்துச் சோதனையில் தெரியாமல் சாப்பிட்டேன் என்ற பேச்சு எடுபடாது.

மாதவிலக்கு நாளில் ஆட்டம் வந்தால் அவளோடு வெட்கப்படாமல் பேசுங்கள். விம்பிள்டனே 2023-லிருந்து வெள்ளைப் பாவாடைக்குள் அடர்ந்த நிறத்தில் உள்ளாடை போட்டுக்கொள்ளலாம் என்று விதியை மாற்றிவிட்டது, நமக்கென்ன.

கடைசியாக அவளைப் பற்றி. கடிதம் முழுக்க நீங்கள், வீட்டுக்காரர், கோச், மாமியார் எல்லோரும் பேசுகிறீர்கள், அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த 6–2, 6–1 ஆட்டத்தில் எதிரில் நின்றது யார், என்ன வயது, எந்த கேம் நீண்டது, அவள் சர்வீஸ் போட்ட கேம்களில் எத்தனை ஜெயித்தாள், எதுவும் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன், ஏனென்றால் அன்று இரவு நீங்கள் பேசவில்லை. இப்போது போய்க் கேளுங்கள். மூன்று மாதம் ஆகியிருந்தாலும் பரவாயில்லை, ஆட்டக்காரி தோற்ற ஆட்டத்தை மறக்க மாட்டாள், பாயிண்ட் பாயிண்டாகச் சொல்வாள். முதலில், அன்றைக்கு உன் மேல் கோபம் இல்லை, காசு நினைப்பில் இருந்தேன் என்று சொல்லிவிட்டுக் கேளுங்கள். அம்மா பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் மரியாதை குறையாது.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தை அவளிடம் கொடுங்கள். மேலே அந்தத் தொகையை எழுதச் சொல்லுங்கள். கீழே அடுத்த டிசம்பர் வரை தான் ஆட நினைக்கும் போட்டிகளை, ஜூனியர் எத்தனை, டபிள்யூ15 எத்தனை, ஊர், வாரம், போகிற வழி, செலவு, எல்லாம் அவளே தேடி அவள் கையெழுத்திலேயே எழுதட்டும். எஸ்பிஎம் தேதிகளையும் அதே பக்கத்தில் எழுதட்டும். கோச் பார்த்துத் திருத்தலாம், எழுதக் கூடாது. எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த வாரத்தை அடிக்கலாம், எங்கே காசு மிச்சம் பிடிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். அவளே எனக்கு எழுதினால் இன்னும் நல்லது.